நண்டு வயிற்றின் 30 நியூரான்கள்

நண்டின் வயிற்றுக்குள் மூன்று பற்கள் உண்டு. விழுங்கிய இரையை அரைப்பது அவைதான். அரைபட்டதை வயிற்றின் பின்பகுதி, ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை சுருங்கி விரிந்து, வடிகட்டுகிறது. இந்த இரண்டு தாளங்களையும் உண்டாக்குவது சுமார் 30 நியூரான்கள், அதாவது நரம்புசெல்கள், கொண்ட ஒரு சிறு நரம்புமுடிச்சு. அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஈவ் மார்டர் மாணவப் பருவத்திலேயே இந்த முடிச்சிடம் வந்துசேர்ந்தார். 1974-இல் முனைவர் பட்டம்; 1978-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் வேலை; 2016-இல் நரம்பியலுக்கான காவ்லி பரிசு. இடையில் ஆய்வுப்பொருளை அவர் மாற்றவே இல்லை.

முடிச்சை அதன் நரம்புத் தொடர்புகளோடு வெளியே எடுத்து உப்புக் கரைசலில் இட்டாலும் தாளம் நிற்காது. எந்த நியூரான் எதனோடு இணைந்திருக்கிறது என்பதும் தெரியும். சரி, வரைபடம் கிடைத்துவிட்டதே, இனி என்ன புதிர்? கரைசலில் ஒரு நரம்பு வேதிப்பொருளைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும்: இணைப்புகள் அப்படியே இருக்க, தாளம் மாறிவிடுகிறது.

இன்னொரு புதிரும் இருக்கிறது. நியூரானின் சவ்வில் உள்ள அயனிக் கால்வாய்கள்தான், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள் வந்துபோகும் வாயில்கள்தான், அதன் மின்துடிப்பைத் தீர்மானிக்கின்றன. இவை புரதங்கள், அழிந்து அழிந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருப்பவை. நியூரானோ பல ஆண்டுகள் வாழ்கிறது. அப்படியானால் துடிப்பு எப்படி மாறாமல் இருக்கிறது? நியூரான் தன்னுள் இருக்கும் கால்சியத்தின் அளவைப் பார்த்துக் கால்வாய்களைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்று, இயற்பியலாளர் லாரி அபட்டுடன் சேர்ந்து 1993-இல் ஒரு கணினி மாதிரியை முன்வைத்தார் மார்டர்.

அவர் குழுவின் 2004 ஆய்வுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தோன்றுகிறது. முடிச்சின் நரம்புச் சுற்றை மூன்று செல்களாகச் சுருக்கிய மாதிரியை, கால்வாய்கள், இணைப்புகளின் அளவுகளை மாற்றி மாற்றி, 2 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்களில் கணினியில் ஓட்டினார்கள். உள்ளே முற்றிலும் வேறுபட்ட பல வடிவங்கள் வெளியே கிட்டத்தட்ட ஒரே தாளத்தைத் தந்தன. நிஜ நண்டுகளிலும் அப்படித்தான்: ஒரே வகை நியூரானில், கால்வாய் மரபணுக்களின் செயல்பாடு நண்டுக்கு நண்டு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை வேறுபடுகிறது. ஆகவே பல நண்டுகளில் அளந்து சராசரி எடுத்தால், அந்தச் சராசரி எந்த நண்டின் நியூரானையும் போல நடந்துகொள்ளாமல் போகலாம்.

வித்தியாசம் எப்போது வெளியே தெரியும்? சூடேற்றும்போது. 7 முதல் 23 டிகிரி செல்சியஸ் வரை தாளம் வேகமெடுக்கிறதே தவிர, எது முந்தி எது பிந்தி என்ற ஒழுங்கு குலைவதில்லை. அதற்கும் மேலே போனால் ஒவ்வொரு நண்டின் முடிச்சும் ஒவ்வொரு விதமாகத் தடுமாறுகிறது. ஒன்றில் தாளம் தாறுமாறாகும், மற்றொன்றில் நின்றே போகும்.