பிரேக் பெடல் கட்டையாகிவிட்டதா? பிரேக் பேடை மாற்றும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்

“பிரேக் பிடிக்கலைங்க” என்று வண்டியைக் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். மிதித்தால் பெடல் உள்ளே போகிறதா, போக மறுக்கிறதா? பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று ஏறியிருக்கும், அல்லது எங்காவது ஆயில் கசியும். முழுப் பலத்தோடு மிதித்தும் கட்டையாக நின்றால் விஷயமே வேறு. பேடும் பிரேக் ஆயிலும் நன்றாக இருக்கும்போதே இது நடக்கும்.

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் வியாபாரம் செய்யும் ஒருவர் வந்திருந்தார். “பேடு மாத்தியாச்சுங்க, டிஸ்க்கை லேத்துல குடுத்தாச்சு, ஏர் எடுத்தாச்சு. இன்னும் அப்படியேதான் இருக்குதுங்க.” பானட்டைத் திறந்து, மிதிக்கும் காலுக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவினேன். அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எலி கடித்த பல் தடம். தோப்புக்குள்ளும் களத்து ஓரத்திலும் வண்டி நிறுத்துகிற ஊரில் இது புதிதல்ல. அரை அடி ஹோஸ்தான் கோளாறு. அதற்குள் பேடு, லேத்து கூலி எல்லாம் வீணாய்ப் போயிருந்தது.

பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை லைனுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் தட்டையான கறுப்பு டப்பா ஒன்று இருக்கும். அதுதான் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் டயாபிரம் அதை இரண்டு அறையாகப் பிரிக்கிறது. இரண்டு அறையிலிருந்தும் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக வைத்திருப்பார்கள். பெடலை மிதித்ததும் பின்னறைக்குள் மட்டும் வெளிக்காற்று நுழைந்து டயாபிரத்தை முன்னே தள்ளும். நம் காலோடு சேர்ந்து தள்ளுவது அந்தக் காற்றுதான். பெட்ரோல் வண்டியில் பெரும்பாலும் இஞ்சினே இன்டேக் வழியாக உறிஞ்சிக் கொடுத்துவிடும். டீசல் இஞ்சினில் அந்த உறிஞ்சல் போதாது என்பதால் தனி வேக்கம் (வெற்றிட) பம்ப். பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் அது டைனமோவின் முதுகிலேயே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஓட்டத்தில் பேட்டரி விளக்கு எரிந்தால் சார்ஜ் பிரச்சினைதானே என்று விட்டுவிடாதீர்கள். பெல்ட் அறுந்திருந்தால் பம்பும் நின்றிருக்கும், பிரேக்கும் கட்டையாகும். டைனமோ வேலை பார்த்து வந்த அடுத்த நாளே பெடல் கட்டையானால் பம்புக்கு வரும் ஆயில் குழாயையும் ஹோஸையும் முதலில் பாருங்கள்.

சரி, வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். இஞ்சினை அணைத்துவிட்டு பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் வேக்கம் வரவில்லை, அல்லது பூஸ்டர் போய்விட்டது. அடுத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து மிதியுங்கள். முதல் மிதிக்கு ஆழமாகவும், அடுத்தடுத்த மிதிக்கு மேலே மேலேயும் நின்றால் சேமித்த வேக்கம் தங்குகிறது என்று பொருள். எடுத்த எடுப்பிலேயே கட்டை என்றால் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் வழியில் இருக்கும் ஒன்வே வால்வைச் சந்தேகியுங்கள். அதைக் கழற்றி வாயால் ஊதினால் ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும். மிதிக்கும்போது காலடியில் ‘உஸ்’ என்ற சத்தம் நிற்காமல் வந்து, இஞ்சின் ஐடிலும் தடுமாறினால் பெரும்பாலும் டயாபிரம் கிழிந்திருக்கும். மின்சார பூஸ்டர் உள்ள புது வண்டிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் கட்டையாக இருந்தால்தான் சக்கரப் பக்கம் போக வேண்டும். பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் பின் (pin) துருப்பிடித்து இறுகியிருக்கலாம், ரப்பர் பைப் உள்ளுக்குள் வீங்கி வழியை அடைத்திருக்கலாம். பிரேக் ஆயில் டப்பாவில் யாராவது இஞ்சின் ஆயிலை ஊற்றியிருந்தால் ரப்பர் சீல் எல்லாமே வீங்கிவிடும்.

வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 வளைவுகளிலும் வண்டி ஓட்டுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எண்ணெய் மிச்சமாகும் என்று இறக்கத்தில் இஞ்சினை அணைத்து உருட்டும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். நாலாவது வளைவில் பெடல் கட்டை, பவர் ஸ்டியரிங்கும் கட்டை. மிச்சம் பிடித்த எண்ணெய்க் காசு மாலைக்குக்கூட ஆகாது.

ஓட்டத்தில் திடீரென்று கட்டையானால் விட்டு விட்டு மிதிக்காதீர்கள். அமுங்குகிற பெடலுக்குத்தான் அது உதவும்; இங்கே மிச்ச வேக்கமும் தீர்ந்துவிடும். பிரேக் வேலை செய்யும், ஆனால் பல மடங்கு பலம் கேட்கும். தேவைப்பட்டால் இரண்டு காலாலும் ஒரே அழுத்தாக மிதித்து, கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரங்கட்டுங்கள். நிற்கும் வரை சாவியைத் தொட வேண்டாம்.

பூஸ்டரையே மாற்றும்படி ஆனால் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் ஆயில் அளவு மட்டும் குறைந்துகொண்டே வந்தால், பின் சீல் வழியாக அது பூஸ்டருக்குள் போகிறது. அதைச் சரிசெய்யாமல் போட்டால் புது டயாபிரமும் கெட்டுவிடும். பழைய சாமான் கடை பூஸ்டர் வேண்டவே வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் ரப்பரின் வயது யாருக்கும் தெரியாது. மாட்டியதும், பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடின் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். ராட் நீளமாக இருந்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சக்கரங்களில் தொடாமல் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். வழக்கத்தைவிட அதிகமாகக் கொதித்தால் அப்படியே திருப்பிப் பட்டறைக்கே விடுங்கள்.