மடை அடைபட்ட தொடை

முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "காலை நீட்டி உட்கார்ந்து தொடைத் தசையை இறுக்குங்கள் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். எவ்வளவு முயன்றாலும் தசை அசைய மறுக்கிறது. மற்றக் காலில் நினைத்த மாத்திரத்தில் இறுகுகிறது. அறுவையின்போது நரம்பு ஏதும் அறுபட்டிருக்குமா? நான் மனம்வைத்து முயல்வதில்லை என்று வீட்டில் சொல்கிறார்களே, அது உண்மையா?" கடிதத்தின் பின்குறிப்பில், அடிபடாத காலுக்கும் ஏன் பயிற்சி தருகிறார்கள் என்றும் கேட்டிருந்தார்.

பின்குறிப்புக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்வியைப் பொறுத்தவரை, நரம்பு அறுபட்டிருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. அவர் சோம்பேறியும் இல்லை. தசையும் இருக்கிறது, அதற்குச் செல்லும் நரம்பும் இருக்கிறது, மூளையிலிருந்து கட்டளையும் புறப்படுகிறது. ஏரியில் நீர் இருந்தும், வாய்க்கால் தூர்ந்துபோகாமல் இருந்தும், மடை அடைபட்டதால் வயல் காய்வதுபோல, தண்டுவடத்தில் ஓரிடத்தில் அந்தக் கட்டளை தடுக்கப்படுகிறது. காயத்திற்குப் பின் வரும் மறுவாழ்வுச் சிகிச்சையில் நோயாளிகளை அதிகம் குழப்புவதும், எனக்கு மிகவும் பிடித்தமானதும் இந்த மடைதான்.

தொடையின் முன்புறமுள்ள குவாட்ரிசெப்ஸ் நான்கு தசைகளின் கூட்டு என்பதும், அவை ஒன்றாகத் திரண்டு முட்டிச்சில்லைத் தழுவிக்கொண்டு கீழ்க்கால் எலும்பைப் பற்றி முழங்காலை நீட்டுகின்றன என்பதும் பள்ளிப் பாடம். படியில் இறங்கும்போது உடலின் எடையை மெல்ல மெல்லக் கீழே இறக்கி வைப்பதும் இவைதான். ஆகவே இவை சோர்ந்தால், ஏறும்போது தெரியாத குறை இறங்கும்போது முழங்கால் 'வெட்டென்று' மடங்குவதில் தெரிந்துவிடும்.

கட்டுப் போட்டுவைத்த கால் மெலிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மெலிவதால் வலு குறைகிறது என்ற விளக்கம் பாதி உண்மைதான். ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலை மட்டும் கட்டுப் போட்டு அசையாமல் வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. 5 நாட்களில் குவாட்ரிசெப்ஸின் குறுக்குப் பரப்பு 3.5 விழுக்காடும், வலு 9 விழுக்காடும் குறைந்தன. 14 நாட்களில் பரப்பு 8.4 விழுக்காடு குறைந்தபோது, வலு ஏறத்தாழ 23 விழுக்காடு சரிந்திருந்தது. தசை இழந்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலாக வலு போயிருக்கிறது என்றால், சதைக் கணக்கில் வராத ஏதோ ஒன்றும் சேர்ந்து போயிருக்கிறது என்று பொருள். அதில் ஒரு பங்கு, தசைக்கு வந்து சேரும் நரம்புக் கட்டளை. இத்தனைக்கும் அந்த இளைஞர்களின் மூட்டில் எந்தக் காயமும் இல்லை.

ஒருவர் தம் முழு முயற்சியையும் போடுகிறாரா என்பதைக் கண்டறிய அழகான ஒரு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் உடலியங்கியலாளர் மெர்ட்டன் 1954இல் அதைக் கையாண்டு காட்டினார். தசையை முழு மூச்சாக இறுக்கச் சொல்லிவிட்டு, அது உச்சத்தில் இருக்கும்போது அதன் நரம்பில் ஒரு மின்னதிர்ச்சியைக் கொடுக்க வேண்டும். தசையின் எல்லா இழைகளும் ஏற்கெனவே முழுமையாக வேலை செய்துகொண்டிருந்தால் அந்த அதிர்ச்சி எதையும் கூட்டாது. வலு அளவியின் முள் துள்ளினால், கட்டளை போய்ச் சேராத இழைகள் மிச்சமிருந்தன என்று பொருள். காயம்பட்ட முழங்காலுக்கு மேலே இந்தச் சோதனையைச் செய்தால் முள் துள்ளுகிறது. நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு முயலும்போதும் துள்ளுகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

தடுப்பது எது? வலியாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதைச் சோதிக்க ஆய்வாளர்கள், எந்தக் காயமும் இல்லாத, வலியும் இல்லாத முழங்கால்களையே எடுத்துக்கொண்டு மூட்டுக்குள் உப்புநீரை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். நலமான முழங்காலுக்குள் இருக்கும் திரவம் சில மி.லி. மட்டுமே. ஸ்பென்சரும் அவருடைய சகாக்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், 20 முதல் 30 மி.லி. உப்புநீர் சேர்ந்ததுமே தொடையின் உட்புறத் தசை தளரத் தொடங்கியது. நடுத்தசையும் வெளிப்புறத் தசையும் தளர்வதற்கு 50 முதல் 60 மி.லி. தேவைப்பட்டது. 30 மி.லி. என்பது இரண்டு மேசைக்கரண்டி அளவுதான். இவ்வளவு சிறிய வீக்கம் வெளிப்பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது. அதற்குள் முட்டியின் உட்புறத்தை ஒட்டிய தசை வேலையைக் குறைத்துக்கொள்கிறது.

இந்தச் சோதனையில் பங்கேற்றவரை எதையும் செய்யச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொடை நரம்பில் சிறு மின்துடிப்பைக் கொடுத்து, அது தண்டுவடம்வரை சென்று திரும்பித் தசையில் எவ்வளவு துடிப்பை எழுப்புகிறது என்று அளந்தார்கள். ஹாஃப்மன் அனிச்சைச் செயல் எனப்படும் இதில் மன உறுதிக்கோ அச்சத்துக்கோ அதிகம் இடமில்லை. அப்படியும் துடிப்பு சுருங்கியது. பின்னர் மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தியபோது, நீர் உள்ளேயே இருந்தும் தடை பெரிதும் விலகியது. மூட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒரு செய்தி தண்டுவடத்துக்கு ஏறுகிறது என்பதும், அந்தச் செய்தி நின்றால் தொடை விடுதலை பெறுகிறது என்பதும் இதிலிருந்து தெளிவாகின்றன.

செய்தியை அனுப்புவது மூட்டைச் சுற்றியுள்ள உறை. அந்த உறைக்குள் ரஃபினி முனைகள் எனப்படும் நுண்ணிய நரம்பு முனைகள் பதிந்திருக்கின்றன. சில உணர்முனைகள் புதிதாக ஏதேனும் நடந்தால் மட்டும் ஒருமுறை குரல் கொடுத்துவிட்டு அடங்கிவிடும். நாம் அணிந்திருக்கும் உடையைச் சற்று நேரத்தில் மறந்துவிடுவதற்கு அத்தகைய முனைகளும் ஒரு காரணம். ரஃபினி முனைகள் அப்படி அடங்குவதில்லை. உறை இழுபட்டிருக்கும்வரை, இரவானாலும் பகலானாலும், அவை விடாமல் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். மூட்டில் நீர் கோத்துக்கொண்டால் உறை பலூன்போல விரைக்கிறது. செய்தி ஓயாமல் ஏறுகிறது.

அது நேராக மூளைக்குப் போய் முறையிடுவதில்லை. தண்டுவடத்துக்குள் நுழைந்தவுடன் சிறிய இடைநரம்பணுக்களைத் தட்டி எழுப்புகிறது. அந்த இடைநரம்பணுக்களின் வேலையே பிறரை அடக்குவது. அவை கிளைசின் என்ற வேதிப்பொருளைக் குவாட்ரிசெப்ஸின் இயக்க நரம்பணுக்கள்மீது சுரக்கின்றன. உடனே அந்நரம்பணுக்களின் சவ்வில் குளோரைடு அயனிகளுக்கான வாயில்கள் திறக்கின்றன. ஓய்வில் ஏறத்தாழ −70 மில்லிவோல்ட்டில் இருக்கும் இயக்க நரம்பணு, மூளையின் கட்டளையால் தூண்டப்பட்டு −55 அளவுக்கு உயர்ந்தால்தான் தசைக்குத் துடிப்பை அனுப்பும். குளோரைடு வாயில்கள் திறந்திருக்கும்போது, மேலிருந்து வரும் தூண்டுதல் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீராகக் கசிந்துவிடுகிறது, அந்த எல்லையைத் தொடுவதில்லை. தசையை அடையும் எல்லாக் கட்டளைகளும் இயக்க நரம்பணு என்ற ஒரே வழியில்தான் வெளியேற முடியும் என்பதால், அதை 'இறுதிப் பொதுவழி' என்று அழைத்தார் 1932ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஷெரிங்டன். ஆயிரக்கணக்கான இணைப்புகள் வழியே 'செய்' என்பவையும் 'செய்யாதே' என்பவையும் வந்து சேர, ஒவ்வொரு கணமும் கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவெடுக்கும் ஓர் உயிரணுவின்முன், வாசகியின் மன உறுதியும் வரவுகளில் ஒன்று, அவ்வளவுதான். முட்டிக்குள் தேங்கிய இரண்டு கரண்டி நீர் மறுபக்கத்தில் எழுதப்பட்ட பற்று.

வீங்கிய முழங்காலை எவரும் சற்றே மடித்து வைத்துக்கொள்வதற்கும் இந்த உறைதான் காரணம். ஏறத்தாழ 30 பாகை மடிந்த நிலையில் மூட்டுக்குள் அழுத்தம் குறைவு; முழுதாக நீட்டினாலும் மிகவும் மடக்கினாலும் அழுத்தம் ஏறும். ஆகவே அடியில் தலையணை வைத்தால் இதமாக இருக்கிறது. ஆனால் நாட்கணக்கில் அப்படியே கிடந்தால் மூட்டின் பின்புறத் திசுக்கள் குறுகி, பிறகு கால் முழுதாக நீள மறுக்கும். தலையணையைப் பிசியோதெரபிஸ்ட் பிடுங்கிக்கொண்டால் கோபிக்க வேண்டாம்.

அடிபட்ட மூட்டுக்கு ஓய்வு கொடுக்க உடல் அறிந்தே செய்துகொண்ட ஏற்பாடு இது என்று சிலர் வியந்து எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காயமே இல்லாத மூட்டில் உப்புநீரை ஏற்றினாலும் அதே தடை விழுகிறது; காயம் ஆறிய பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் விலகாமல் நிற்கிறது. தாங்க வேண்டிய தசையைத் தளரவிட்டுவிட்டு முழு எடையையும் குருத்தெலும்பின்மேல் இறக்குவதை அறிவான ஏற்பாடு என்று சொல்ல முடியவில்லை.

சிகிச்சை முறைகளின் பொருள் இப்போது விளங்கும். வீக்கத்தை வடியச் செய்வது வெறும் இதத்துக்காக இல்லை, அது தடையின் மூலத்தையே அடைப்பது. முட்டியின்மேல் துணி சுற்றிய பனிக்கட்டியை 20 முதல் 30 நிமிடம் வைத்தால், எடுத்த பிறகும் சற்று நேரம் இயக்க நரம்பணுக்களின் தடை தளர்கிறது. அனுபவமுள்ளவர்கள் அந்த இடைவெளியில்தான் பயிற்சியைத் தொடங்குவார்கள். மின்தூண்டல் இன்னும் நேரடியானது: மின்முனைகளைத் தொடையில் ஒட்டி, தண்டுவடத்தைக் கடந்து வந்துவிட்ட நரம்புக் கிளைகளைத் தூண்டுவதால், மடைக்குக் கீழே வாய்க்காலில் குடத்தால் நீர் ஊற்றுவதுபோல, மேலிருக்கும் அடைப்பு அங்கே பொருட்டாவதில்லை. லின் ஸ்னைடர்-மேக்லரும் சகாக்களும் முழங்கால் ஜவ்வு அறுவை செய்துகொண்ட 110 பேரிடம் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், வலுவான மின்தூண்டலையும் சேர்த்துப் பெற்றவர்களின் குவாட்ரிசெப்ஸ் மறுகாலின் வலுவில் 70 விழுக்காட்டையோ அதற்கு மேலோ எட்டியது. பயிற்சியை மட்டும் செய்தவர்கள் 57 விழுக்காட்டில் இருந்தார்கள். பேட்டரியில் ஓடும் குறைந்த ஆற்றல் கருவியைப் பெற்றவர்கள் அவர்களைவிட மேலே வரவில்லை. மெல்லக் கூசச் செய்வது போதாது, தசை உண்மையிலேயே துள்ள வேண்டும். வலி தீரும் என்று காந்தம் பதித்த முழங்கால் பட்டைகளை விற்பவர்கள் இப்படி ஓர் அளவீட்டைக் காட்டினால் நானும் ஒன்று வாங்கிக்கொள்கிறேன்.

மிகச் சாதாரணமாகத் தோன்றும் பயிற்சி ஒன்று மிச்சமிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் முழங்காலைத் திருகிக்கொண்டபோது எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டு ஒன்றை முட்டிக்கடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி நசுக்கி, ஐந்து நொடி நிறுத்த வேண்டும். முதல் நாள் பிட்டம் இறுகியது, பாதம் வளைந்தது, மூச்சு நின்றது. தொடை மட்டும் வேகவைத்த கிழங்குபோலக் கிடந்தது. உள்ளங்கையைத் தொடையின்மேல் வைத்து, முட்டிச்சில்லை மட்டும் பார்த்துக்கொண்டு செய்யச் சொன்னார்கள். நான்காவது நாள் அந்தச் சில்லு அரை விரற்கடை இடுப்புப் பக்கம் நகர்ந்தது. உட்புறத்தில் முட்டிக்குச் சற்று மேலே, கண்ணீர்த்துளி வடிவில் ஒரு சிறு மேடு எழுந்து அடங்கியது. சதை வளர நான்கு நாள் போதாது. வளர்ந்தது எதுவும் இல்லை, கட்டளை போய்ச் சேர்ந்தது. கண்ணாலும் கையாலும் கிடைக்கும் சான்று மூளையின் தூண்டுதலைக் கூட்டுகிறது, நரம்பணுவின் கணக்கில் வரவு ஏறுகிறது.

காலை நேராக உயர்த்தும்போது முட்டி சில பாகை தொய்யாமல் நிற்கும் அளவுக்குக் கட்டளை வந்துவிட்டால், பிறகு எடையைப் படிப்படியாகக் கூட்டிச் சதையை வளர்ப்பது நமக்குப் பழக்கமான உடற்பயிற்சிக் கூடக் கதைதான். அந்த இடத்தை எட்டாதவரிடம் 'வலித்தால்தான் வலுக்கும்' என்று கூறிக் கனத்தைத் தூக்க வைப்பது, அடைபட்ட மடையின்மேல் மேலும் நீரைத் தேக்குவது; வீக்கம் கூடும், தடையும் கூடும். பயிற்சிக்கு மறுநாள் முட்டி முந்தைய நாளைவிடப் பருத்திருந்தால், அளவு மிஞ்சிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் சில பத்துப் பேரை வைத்தே நடக்கின்றன என்பது என் நெடுநாள் வருத்தம். செயற்கை மூட்டுக்கும் மருந்துக்கும் பின்னால் விற்பனையாளர் இருக்கிறார். சுருட்டிய துண்டுக்கு எவரும் காப்புரிமை வாங்க முடியாது. பொதுப்பணம் வந்து நிற்க வேண்டிய இடம் இதுவே என்று நான் நினைக்கிறேன்.

இனிப் பின்குறிப்பு. ஒரு முழங்கால் காயப்பட்டால், மறுகாலின் குவாட்ரிசெப்ஸும் ஓரளவு கட்டளை இழப்பது அளவிடப்பட்டிருக்கிறது. ஆகவே 'நல்ல காலோடு ஒப்பிட்டால் இத்தனை விழுக்காடு' என்று சொல்லும்போது அந்த நல்ல காலும் சற்று இறங்கியே இருக்கிறது. இதற்கு எதிர்த்திசையில் நன்மை ஒன்றும் உண்டு. ஒரு கையை மட்டும் பயிற்றினால் பயிற்றாத கையிலும் வலு கூடுகிறது என்று 1894இலேயே யேல் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஸ்கிரிப்ச்சர் காட்டினார். பயிற்றாத பக்கத்தில் சதை வளர்வதில்லை. கூடுவது நரம்பின் பங்குதான். நல்ல காலால் எடை தூக்கச் சொல்லும் அந்தப் பிசியோதெரபிஸ்ட், வாசகியின் தையல் பிரிக்காத காலுக்கும் சேர்த்துத்தான் பயிற்சி தந்துகொண்டிருக்கிறார்.