புடவை வேணாம்மா, தார்பாய் கிடைக்குமா?

புரட்டாசி பிறந்தாலே எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். "மேடம், இந்த வருஷம் தீபாவளிக்கு ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து ஏழை ஜனங்களுக்கு துணி, ஸ்வீட், பட்டாசு கொடுக்கலாம்னு இருக்கோம், ஒரு ஊர் சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. நான் எம்.எஸ்.டபிள்யூ.ன்னு சமூகப்பணி மேற்படிப்பு முடிச்சுட்டு செங்கல்பட்டு மாவட்டத்துல திருக்கழுக்குன்றம், செய்யூர், மதுராந்தகம் பக்கம் இருக்கிற இருளர் பழங்குடி குடியிருப்புகள்ல 14 வருஷமா வேலை பார்க்கிறேன். கேக்கிற எல்லாருமே நல்ல மனசோடதான் கேக்கிறாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்த நல்ல மனசு ஊருக்குள்ள வந்து சேர்றப்போ என்னென்ன ஆகுதுன்னு கிட்ட இருந்து பார்த்தவங்கிற முறையில சில விஷயம் சொல்லியே ஆகணும், இந்த வருஷம் போறவங்களாவது படிச்சுட்டுப் போங்க.

முதல்ல நானே பண்ண தப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு ஏரிக்கரை குடியிருப்பு, 34 வீடு. சென்னையில இருந்து ஒரு குரூப் வர்றாங்கன்னு சொல்லி எல்லாரையும் காலையில 10 மணிக்கு வேப்பமரத்தடியில உக்கார வெச்சுட்டேன். வண்டி வந்து சேர்ந்தது மதியம் ஒன்றரை மணிக்கு, வழியில மழை, டிராஃபிக்னு அவங்களுக்கும் ஆயிரம் காரணம். அன்னைக்கு சவுக்கு வெட்டுற வேலை இருந்துச்சு, பாதிப்பேர் அந்தக் கூலிய விட்டுட்டுத்தான் உக்காந்திருந்தாங்கன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒரு நாள் கூலிய விட்டுட்டு, அதைவிடக் கம்மி விலையில ஒரு புடவைய வாங்கிட்டுப் போயிருக்காங்க. யாரும் ஒரு வார்த்தை சொல்லல. கடைசியா ஒரு பாட்டி புடவைய மடியில வெச்சுக்கிட்டே என் கையப் பிடிச்சு, "யம்மா, புடவை போன வருசமும் குடுத்தாங்க, ரெண்டு இருக்கு, இது வேணாம்மா, ஒரு தார்பாய் கிடைக்குமா?"ன்னு கேட்டாங்க.

அந்தப் பாட்டி வீட்டுக்குள்ள போய்ப் பார்த்தேன். ஓலைக்கூரை, மேல பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒண்ணு போட்டு செங்கல் வெச்சிருந்தாங்க, அதுலயும் கிழிசல். சொட்டுற இடத்துல எல்லாம் குண்டான் வெச்சிருந்தாங்க, அடுப்பு நனைஞ்சு போய் கிடந்துச்சு, அரிசியும் ரேஷன் கார்டும் ஒரு பிளாஸ்டிக் குடத்துக்குள்ள போட்டு மூடி வெச்சிருந்தாங்க. நம்ம ஊர்ல தீபாவளி வர்றதே வடகிழக்குப் பருவமழை நேரத்துலதான், ஐப்பசி மழை கொட்டுற நேரத்துல நனையாம படுக்க ஒரு இடம் வேணும்னு அவங்க நினைக்கிறாங்க, நாம பட்டுக்கரை போட்ட புடவையோட போய் நிக்கிறோம். நாலு புடவை காசுக்கு ஒரு நல்ல கெட்டி தார்பாய் வந்திடும். அதனால என்கிட்ட யார் கேட்டாலும் முதல்ல நான் சொல்றது, ஒரு மாசம் முன்னாடியே ரெண்டு பேர் மட்டும் வெறுங்கையோட ஒரு தடவை ஊருக்கு வாங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வாங்க, அப்பத்தான் எல்லாரும் வேலை முடிஞ்சு வீட்ல இருப்பாங்க, உக்காந்து பேசுங்க. பொம்பளைங்ககிட்ட தனியாப் பேசுங்க, அவங்க சொல்ற லிஸ்ட்டே வேறயா இருக்கும் – தார்பாய், டார்ச் லைட், நாப்கின், பாத்திரம், கொசுவலை, போர்வை.

இருளர்னா யாருன்னு தெரியாமலே வர்றவங்க நிறைய பேர். தமிழ்நாட்டுல மிகவும் நலிவடைந்த பழங்குடின்னு அரசு பட்டியல் போட்டிருக்கிற 6 சமூகத்துல இவங்களும் ஒண்ணு, மத்தது தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர். பாம்பு பிடிக்கிறதுல இவங்கள மிஞ்ச ஆள் கிடையாது. 1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்து, அதுக்கப்புறம் பாம்புத்தோல் வியாபாரம் நின்னு போச்சு, பொழப்பும் போச்சு. 1978ல மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு விஷம் எடுத்துக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு நம்ம வீட்ல யாரையாவது பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரியில போடுற விஷமுறிவு மருந்து தயாராகிறதுக்கு நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் இவங்க கையில இருந்து போகுது. வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு பேருக்கு 2023ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. இதை எதுக்கு சொல்றேன்னா, மைக்ல "இந்த ஏழை எளிய மக்களுக்கு"ன்னு ஆரம்பிச்சு அரைமணி நேரம் பேசுறவங்க, எதிர்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு நாமளும் கடன்பட்டிருக்கோம்னு தெரிஞ்சுட்டு பேசணும்.

இப்ப ஒரு முக்கியமான விஷயம், இதை பலபேர் யோசிக்கிறதே இல்ல. மழைக்காலத்துல இந்த ஜனங்களுக்கு நிலையா வேலை கிடையாது. செங்கல் சூளை வேலை மழை நின்னு பொங்கலுக்கு அப்புறம்தான் சூடுபிடிக்கும். ஐப்பசி கார்த்திகைல கையில காசு இருக்காது, பிள்ளைங்க துணி கேக்கும், யாருக்காவது காய்ச்சல் வரும், அந்த நேரம் பார்த்து சூளை ஆளோ, மேஸ்திரியோ வந்து அட்வான்ஸ் நீட்டுவாங்க. அதை வாங்கிட்டா குடும்பத்தோட சூளைக்குப் போகணும், கணக்கு அவங்க கையில, எவ்வளவு கல் அறுத்தாலும் அட்வான்ஸ் தீராது, வெளிய போக முடியாது. 1976லயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து இந்த மாதிரி கடன் எல்லாம் செல்லாதுன்னு ஆயிடுச்சு, ஆனாலும் நான் வேலைக்கு வந்தப்புறம் கூட மீட்டுக் கூட்டிட்டு வந்த குடும்பங்க இருக்கு. ஒரு அம்மாகிட்ட எப்படிம்மா இதுல மாட்டுனீங்கன்னு கேட்டேன், "தீவாளிக்கு பசங்களுக்கு துணி எடுக்கத்தான் வாங்குனோம்"னாங்க. அதைக் கேட்டதுக்கப்புறம் எனக்கு தீபாவளி உதவின்னாலே வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. நீங்க கொடுக்கப் போற அதே துணிய, அதே மளிகைய, தீபாவளிக்கு முந்தின நாள் கொடுக்காம 25, 30 நாள் முன்னாடியே கொடுத்துட்டா, எத்தனையோ வீட்ல அந்த அட்வான்ஸ வாங்குற நெருக்கடியே வராது. அரிசி ரேஷன்ல கிடைச்சிடும், எண்ணெய், பருப்பு, புளி, மிளகாய், சோப்பு, இதெல்லாம் ஒரு மாசத்துக்கு ஆகுற மாதிரி கொடுங்க.

துணி கொடுக்கத்தான் ஆசைன்னா தாராளமா கொடுங்க, பிள்ளைங்களுக்கு புதுத்துணி மேல உயிர். ஆனா மொத்தமா ஒரே சைஸ், ஒரே கலர்ல எடுத்துட்டு வராதீங்க, மறுநாள் ரோட்ல போனா யாரோ கொடுத்த துணின்னு எல்லாருக்கும் தெரியும். நாங்க இப்ப என்ன பண்றோம்னா, ஒவ்வொரு பிள்ளையையும் பழைய பேப்பர் மேல நிக்கச் சொல்லி பென்சிலால பாதத்த சுத்தி கோடு போட்டு, பேர் எழுதி, வெட்டி வெச்சுக்கிறோம், செருப்புக் கடைக்கு அந்தப் பேப்பர் கட்டோட போனா போதும், ஒரு ஜோடி கூட சேராம போகாது. போன வருஷம் ஒரு குரூப் இன்னும் நல்லா யோசிச்சாங்க, திருக்கழுக்குன்றத்துல ஒரு துணிக்கடைக்காரர்கிட்ட பேசி, வீட்டுக்கு இவ்வளவுன்னு கூப்பன் கொடுத்து, ஜனங்களையே கடைக்கு கூட்டிட்டுப் போனாங்க. ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு முக்கால் மணி நேரம் எடுத்துக்கிச்சு. மஞ்சள்ல ஒரு சுடிதார எடுக்கும், கண்ணாடி முன்னாடி வெச்சுப் பார்க்கும், திருப்பிக் கொடுத்துட்டு வேற கேக்கும். கடைக்காரரும் சலிக்காம எடுத்துப் போட்டார். அவங்க அம்மா "சீக்கிரம் எடுடி"ன்னு அதட்டிட்டே இருந்தாங்க, ஆனா அவங்க முகத்துல ஒரு பெருமை இருந்துச்சு பாருங்க. கடைசில அந்தப் பொண்ணு எடுத்தது யாருமே எதிர்பார்க்காத ஒரு கத்திரிப்பூ கலர் பாவாடை சட்டை.

கூட்டத்த பத்தி ஒரு வார்த்தை, இது உயிர் விஷயம். 2005 டிசம்பர் 18, சென்னை எம்.ஜி.ஆர். நகர்ல வெள்ள நிவாரண டோக்கன் வாங்க விடிகாலைல நின்ன கூட்டத்துல நெரிசலாகி 42 பேர் செத்துப் போனாங்க. 2023 பிப்ரவரியில வாணியம்பாடில தைப்பூசத்துக்கு இலவச வேட்டி சேலை டோக்கன் வாங்க வந்த இடத்துல 4 பெண்கள் நெரிசல்ல இறந்தாங்க, வயசானவங்க. ஒரு சேலைக்காக. அதனால ஒரு இடத்துல கூட்டிவெச்சு கொடுக்கிறத விட்டுடுங்க. வீட்டுக்கு வீடு போய் கொடுங்க, 40 வீடுன்னா நாலு டீம் பிரிச்சா ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும். ஊர்ல ரெண்டு படிச்ச பசங்க இருப்பாங்க, அவங்க கையில லிஸ்ட் இருக்கட்டும், புதுசா கல்யாணம் ஆகி தனிக்குடித்தனம் போனவங்க, புருஷன் இல்லாத பொம்பளைங்க, கார்டே இல்லாதவங்க, இவங்கதான் லிஸ்ட்ல விட்டுப் போவாங்க, அவங்க பேர கேட்டு சேருங்க. எப்பவும் அஞ்சு பங்கு அதிகமா கொண்டு போங்க. பக்கத்து தெரு ஜனங்களும் ஏழைங்களா இருந்தா அவங்களையும் யோசிங்க, இல்லைன்னா நீங்க போனதுக்கப்புறம் ரெண்டு தெருவுக்கும் மனஸ்தாபம் ஆகும், அதை நீங்க பார்க்க மாட்டீங்க, நாங்கதான் மாசக்கணக்குல பேசி சரி பண்ணணும். போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு லெட்டர், பஞ்சாயத்து தலைவர்கிட்ட ஒரு வார்த்தை, இது ரெண்டும் கட்டாயம்.

சாப்பாடு. சென்னைல விடிகாலை 5 மணிக்கு செஞ்ச பிரியாணிய அண்டாவுல மூடி எடுத்துட்டு வந்து மதியம் 2 மணிக்கு போடாதீங்க, ஒரு தடவை அப்படி சாப்பிட்டு ராத்திரி பூரா பிள்ளைங்க வாந்தி எடுத்து 108க்கு போன் பண்ணி ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம். சமைச்ச சோறு வெதுவெதுன்னு மணிக்கணக்கா இருந்தா அதுல கிருமி பெருகும், திரும்ப சூடு பண்ணாலும் அந்தக் கிருமி உண்டாக்குற நஞ்சு போகாது. சுடச்சுட இருக்கணும், இல்ல ஊர்லயே சமைக்கணும். ஊர்ல சமைக்கிறதுதான் எனக்குப் பிடிச்சது, காய் வெட்டுறதுல இருந்து பரிமாறுறது வரைக்கும் எல்லாரும் சேர்ந்துக்குவாங்க, நீங்களும் பந்தில அவங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க, கேட்டரிங் ஆள் பரிமாற நீங்க தள்ளி நின்னு பார்க்கிற மாதிரி இருக்கவே கூடாது. ஸ்வீட்னா பால்கோவா, ரசகுல்லா வேணாம், அதிரசம், முறுக்கு, ரவா லட்டு மாதிரி தாங்குறதா கொடுங்க. 2020 அக்டோபர்ல இருந்து கடையில உதிரியா விக்கிற ஸ்வீட்டுக்கும் எந்த தேதிக்குள்ள சாப்பிடணும்னு எழுதி வைக்கணும்னு விதி இருக்கு, பார்த்து வாங்குங்க.

பட்டாசு கொடுக்கணும்னு தோணும், நான் வேணாம்னுதான் சொல்வேன். ஓலைக்குடிசைக்கும் ஓலைக்குடிசைக்கும் நடுவுல நாலடி கூட இருக்காது, ஒரு ராக்கெட் போதும். அப்படியே கொடுத்தாலும் ஏரிக்கரை மாதிரி ஒரு திறந்த இடத்துல, ரெண்டு வாளி தண்ணியோட, பெரியவங்க நிக்கிறப்போ மட்டும் வெடிக்கட்டும், தமிழ்நாட்டுல அனுமதி காலையில 6ல இருந்து 7, ராத்திரி 7ல இருந்து 8, அவ்வளவுதான். சுட்டுக்கிட்டா இங்க், பேஸ்ட், மாவு எதையும் தடவாம 20 நிமிஷம் ஓடுற தண்ணியில காமிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும்.

அடுத்தது போட்டோ. எட்டாவது படிக்கிற ஒரு பையன், அவனுக்கு ஒரு குரூப் சட்டை கொடுத்து போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டாங்க, அது எப்படியோ அவன் கிளாஸ் பசங்க போனுக்கு வந்துடுச்சு. ஸ்கூல்ல ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்காங்க. அவன் அந்த சட்டைய அப்புறம் போடவே இல்ல, அவங்க வீட்ல அது சாமான் துடைக்கிற துணியா கிடந்தத நானே பார்த்தேன். குழந்தைகள் இல்லத்துக்குப் போறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், அங்க இருக்கிற பிள்ளைங்கள அடையாளம் தெரியற மாதிரி படமோ பேரோ வெளியிட்டா 2015 இளைஞர் நீதிச் சட்டம் 74வது பிரிவுப்படி 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். பணம் கொடுத்தவங்களுக்கு கணக்கு காட்டணும்னா பில்லைக் காட்டுங்க, அடுக்கி வெச்ச சாமானை படம் எடுங்க, அது போதும்.

வர்ற குரூப்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க கண்டிப்பா இருப்பீங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கிறேன். ஒரு மேசை, ரெண்டு லேப்டாப், ஒரு பிரிண்டர் போட்டு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காருங்க. பழங்குடி சாதிச் சான்றிதழ் தாசில்தார் ஆபீஸ்ல கிடைக்காது, ஆர்.டி.ஓ., அதாவது வருவாய் கோட்டாட்சியர் விசாரிச்சுத்தான் கொடுக்கணும், அப்பா அம்மாகிட்ட சான்றிதழ் இல்லாததால பிள்ளைக்கு இழுத்துக்கிட்டே போகும், பத்தாவது பாஸ் பண்ண பிள்ளைங்க ஸ்காலர்ஷிப் வாங்க முடியாம சவுக்கு வெட்டப் போயிடுதுங்க. ஆதார்ல பேர் தப்பு, ரேஷன் கார்டுல பிள்ளை பேர் சேர்க்கல, பட்டா மனு, முதியோர் பென்ஷன், இதெல்லாம் மனுவா எழுதி இ-சேவையில ஏத்தி, அந்த நம்பர எழுதிக் கொடுத்து, மூணு மாசம் கழிச்சு என்ன ஆச்சுன்னு ஒரு போன் பண்ணுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு குரூப் இப்படி உக்காந்து 19 பிள்ளைங்களுக்கு மனு போட்டாங்க, அதுல 7 பேருக்கு சான்றிதழ் வந்துடுச்சு, மீதிக்கு இன்னமும் நடக்கிறோம், அந்த குரூப்ல ஒரு தம்பி இன்னைக்கும் லீவு போட்டுட்டு எங்ககூட ஆர்.டி.ஓ. ஆபீஸ் வர்றார்.

இன்னொண்ணு, தீபாவளிதான் எல்லாருக்கும் பெரிய பண்டிகைன்னு நினைச்சுக்கிறோம். இந்த இருளர் ஜனங்களுக்கு மாசி மகம்தான் பெருசு. எங்கெங்கயோ சூளையில, தோப்புல இருக்கிறவங்க எல்லாம் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்துடுவாங்க, புடவையக் கட்டி கூடாரம் போட்டு ராத்திரி தங்கி, விடிகாலைல ஈர மணல்லயே படி மாதிரி கட்டி தங்களோட தெய்வம் கன்னியம்மாவ கும்பிடுவாங்க, காது குத்து, பொண்ணு பார்க்கிறது, கல்யாணம் எல்லாம் அங்கேயே நடக்கும். துணிக்கடைக்கு கூட்டிட்டுப் போன அந்த குரூப், அடுத்து எப்ப வரட்டும்னு கேட்டப்போ ஊர்ப் பெரியவர் "மாசிக்கு வாங்க"ன்னார். என்ன வேணும்னு கேட்டதுக்கு போக வர ஒரு வேன், குடிக்க தண்ணி, அவ்வளவுதான் சொன்னார்.

இந்த வருஷம் மாசி மகத்துக்கு வேனும் தண்ணி கேனும் ஏற்பாடு பண்ணிட்டு எட்டு பேர் வந்தாங்க. கொடுக்கிறதுக்கு கையில வேற எதுவும் இல்லாம எங்க நிக்கிறதுன்னு தெரியாம கடற்கரையில தயங்கி நின்னாங்க. தார்பாய் கேட்ட பாட்டி தன் கூடாரத்து முன்னாடி ஒரு தார்பாய விரிச்சு, மணலத் தட்டிவிட்டு, "வாங்க, வந்து உக்காருங்க, சாப்ட்டுத்தான் போவணும்"னு சொல்லி நண்டுக் குழம்பு ஊத்தினாங்க. கத்திரிப்பூ கலர் பாவாடையில அந்தப் பொண்ணு எல்லாருக்கும் தண்ணி கொண்டு வந்து கொடுத்துச்சு.