காந்தி மண்டபத்தின் உச்சிவெயில்

காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி 1948 பிப்ரவரி 12 அன்று குமரிக் கடலில் கரைக்கப்பட்டது. அதற்கு முன் மக்களின் அஞ்சலிக்காகக் கலசத்தை வைத்திருந்த இடத்தில்தான் 1956-இல் கன்னியாகுமரி காந்தி மண்டபம் எழுந்தது. ஒடிசாக் கோயில்களின் சாயல், 79 அடி உயரம். அவர் பிறந்த அக்டோபர் 2 அன்று நண்பகலில், கூரைத் துளை வழியே இறங்கும் வெயில் கலசம் இருந்த அதே இடத்தில் விழும்.

சிலர் இதை அதிசயம் என்கிறார்கள். எனக்கு இதன் கணக்குதான் அதைவிட அழகாகத் தெரிகிறது.

செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். அங்கிருந்து நாளுக்கு ஏறத்தாழ 0.4 பாகை தெற்கே நகரும். ஒன்பது நாளில், அதாவது அக்டோபர் 2-இல், 3.5 பாகை போயிருக்கும். குமரியோ நிலநடுக்கோட்டுக்கு 8.1 பாகை வடக்கே இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 11.6. அன்று உச்சிவேளையில் சூரியன் நம் தலைக்கு நேரே இல்லாமல் அவ்வளவு தெற்கே சாய்ந்து நிற்கும். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் துளை போடுவதென்றால், கலசத்துக்கு நேர் மேலே போடக் கூடாது. இரண்டு மீட்டர் தெற்கே தள்ளிப் போட வேண்டும்.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கூரை இடுக்கில் நுழையும் வெயில், தரையில் காசு போல் வட்டமாக விழுந்து மெல்ல ஊர்ந்துபோகும். இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் வட்டம் வட்டம்தான், ஏனென்றால் அது சூரியனின் பிம்பம். அதைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு வந்து பாருங்கள், சற்றே விலகியிருக்கும். 10 மீட்டர் உயரத் துளையென்றால் இந்த நாள்களில் அந்த விலகல் 7 சென்டிமீட்டர், நான்கு விரற்கடை. வெயில் வட்டமே அதைவிடப் பெரிது என்பதால் அக்டோபர் 1, 3 தேதிகளிலும் ஒளி ஏறக்குறைய அங்கேதான் படியும்.

நாளைவிட நிமிடம்தான் கறாரானது. நான்கு நிமிடத்தில் அந்த வட்டம் கிழக்கே 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. குமரி அதற்கு 5 பாகை மேற்கே இருப்பதால் அங்கே உச்சிவேளை 20 நிமிடம் தாமதிக்க வேண்டும். ஆனால் அக்டோபர் தொடக்கத்தில் சூரியன் கடிகாரத்தைவிடப் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது. ஆகவே சூரியன் உச்சிக்கு வருவது 12.10 வாக்கில்.

கருவறையில் வெயில் விழும் கோயில்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு அடுத்தது எளிதில் பிடிபடும். தட்சிணாயனத்தில் ஒருமுறை கடந்த இடத்தைச் சூரியன் உத்தராயணத்தில் மறுபடியும் கடந்தாக வேண்டும். அக்டோபர் 2-இலிருந்து, சூரியன் தென்கோடியைத் தொட்டுத் திரும்பும் டிசம்பர் 22 வரை 81 நாள். அங்கிருந்து ஏறக்குறைய அதே அளவு முன்னே எண்ணினால் வந்து நிற்பது மார்ச் 12.

1930-இல் அவர் சபர்மதியிலிருந்து உப்புக்காகத் தண்டிக்கு நடக்கத் தொடங்கிய நாள் அது.

யாரும் திட்டமிடவில்லை, வானம் தற்செயலாகப் பொருத்தி வைத்திருக்கிறது. இரு நாள்களின் உச்சிச் சூரியனுக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம் இருந்தால் அதிகம். மார்ச்சில் சூரியன் கடிகாரத்துக்குப் பத்து நிமிடம் பிந்திவிடும் என்பதால், அன்று அங்கே போய் நிற்பவர்கள் 12.30 வரை காத்திருக்க வேண்டும்.