பல்லில் தாங்கும் பட்டாம்பூச்சி

ஆள் கையை விரித்து நிற்பதுபோல் அகலமான ஒரு மரப்பலகை. சில 2 மீட்டரையும் தாண்டும். அந்தப் பலகையை முகத்தில் மாட்டிக்கொண்டு இடமும் வலமுமாக வெடுக்வெடுக்கென்று திருப்பி ஆடுகிறார் ஒருவர். மேற்கு ஆப்பிரிக்காவின் பர்கினா ஃபாசோவில், போனி, டோசி போன்ற ஊர்களில் ப்வா மக்கள் ஆடும் பட்டாம்பூச்சி முகமூடி அது. பருந்து முகமூடிக்கும் ஏறத்தாழ இதே அமைப்புதான். ஆட்டத்தின் வேகத்தில் அது ஏன் கழன்று விழுவதில்லை?

ஆடுபவர் அதைக் கடித்துக்கொண்டிருக்கிறார்! முகமூடியின் துளைகளில் கோத்த தடித்த நார்க்கயிறு ஒன்று உள்ளே இருக்கிறது. அதைப் பற்களால் இறுக்கிப் பிடிக்கிறார். பார்ப்பதோ முகமூடியின் வாய்த்துளை வழியாக.

பலகை முகத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தால், தலை திரும்பும், பலகை திரும்பாது. திரும்பத் தொடங்கிவிட்டாலோ எளிதில் நிற்காது. சுழற்சிக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு எடையை மட்டும் பொறுத்ததல்ல. அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. தொலைவு இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. இங்கே அச்சு, ஆடுபவரின் கழுத்து. இறக்கை நுனியில் கூடும் ஒவ்வொரு கிராமும் அதைத்தான் பதம் பார்க்கும்.

ஆகவே மரம் இலேசாக இருக்க வேண்டும். அவர்கள் எடுப்பது இலவ மரம். நம் வீட்டுத் தலையணைக்குப் பஞ்சு தரும் அதே மரம்தான். தேக்கோடு ஒப்பிட்டால் பாதி எடைகூடத் தேறாது. மென்மையானது என்பதால் வாய்ச்சிக்கும் எளிதில் வசப்படும்.

ஆனால் இலவத்தைப் பூச்சி சும்மா விடாது. சடங்குக்கு முன் முகமூடியை நீரில் ஊறப்போடுகிறார்கள்: பூச்சி சாகும், பழைய சாயமும் கரைந்துபோகும். பிறகு புதுச்சாயம். சிவப்புக்கு இரும்புச்சத்துள்ள கல்லை அரைக்கிறார்கள். கறுப்புக்குக் கருவேல நெற்றைத் தார்போலக் கெட்டியாகும்வரை காய்ச்சுகிறார்கள். உடலை மறைக்கும் உடை புளிச்சை நாரில் ஆனது. இலவு, கருவேலம், புளிச்சை என்று படித்துக்கொண்டே வந்தபோது, நம்மூர்க் கண்மாய்க்கரையில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

முதல் மழைக்குப் பின் குட்டைகளைச் சுற்றிப் பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். உழவு தொடங்கும் காலம் அது. முகமூடியின் பட்டாம்பூச்சி நினைவூட்டுவதும் அதைத்தான். முகமூடியில் தீட்டிய கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்கும் பொருள் உண்டு. அவை சடங்கில் உட்காரும் தோல்கள்: பெரியவர்களுக்கு நாள்பட்டுக் கறுத்தவை, இளையவர்களுக்குப் புதிய வெள்ளைத் தோல்கள்.

அருங்காட்சியகச் சுவரில் தொங்கும் முகமூடிகள் பலவற்றில் நாருடை இருக்காது. விளிம்பைச் சுற்றி வரிசையாகத் துளைகள் மட்டும் இருக்கும்.