பந்து சுழலாவிட்டால் என்ன ஆகும்?

"ஐபிஎல் வர்ணனையில் அடிக்கடி 'நக்கிள் பால்' என்கிறார்களே, விரல் முட்டியால் வீசுவதா? அதில் அப்படி என்ன விசேஷம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். கிரிக்கெட்டில் அது பெரும்பாலும் வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்து. 2011 உலகக் கோப்பையில் ஜாகீர் கான் வீசியபோது நம்மில் பலர் அதை முதன்முதலாகக் கவனித்தோம். ஆனால் கிரிக்கெட்டுக்கு அது விருந்தாளி. பிறந்த வீடு அமெரிக்காவின் பேஸ்பால். அங்கே இந்த ஒரே பந்தை நம்பி, முப்பது வயதுக்கு மேல் மறுபடி முதலிலிருந்து தொடங்கிய ஒருவர் இருக்கிறார். அவர் கதையோடு சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பந்தின் குணம் பிடிபடும்.

பெயர் ஆர்.ஏ. டிக்கி. 1974-ல் பிறந்த நாஷ்வில்காரர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். அதே வருடம், அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்தபோது, டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்து, 8,10,000 டாலர் தருவதாகப் பேசி முடித்தது. கையெழுத்துதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஒரு பேஸ்பால் பத்திரிகையின் அட்டையில் ஒலிம்பிக் பிட்சர்கள் வரிசையாக நிற்கும் படம் வந்தது. டிக்கியின் வலது கை மட்டும் ஏதோ கோணலாகத் தொங்குவதை ரேஞ்சர்ஸ் ஆட்கள் கவனித்துவிட்டார்கள். பரிசோதித்துப் பார்த்தால், முழங்கையின் உட்புறத்தில் இருக்கவேண்டிய ஒரு தசைநார் இல்லவே இல்லை. கிழியவில்லை, தேயவில்லை, அந்த இடமே காலி. பிறவியிலேயே இல்லையா, சிறு வயதில் அடிபட்டு மறைந்ததா என்று மருத்துவர்களுக்கும் விளங்கவில்லை. 8,10,000 டாலர் 75,000 டாலர் ஆனது.

ஒரு சின்ன நாருக்கா இத்தனை விலை? ஆமாம். மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் உட்பக்கமாகக் கட்டிவைப்பது அதுதான், கதவுக்குக் கீல் மாதிரி. பந்தை ஓங்கும்போது தோள் முன்னால் பாய்கிறது, முன்கை ஒரு கணம் பின்தங்குகிறது. அந்தக் கணத்தில் முழங்கை உட்புறமாகப் பிளக்கப் பார்க்கும். 1995-ல் வெளியான அளவீடு ஒன்று இந்தத் திருகுவிசையை ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர் என்றது. ஒரு மீட்டர் கழியைக் கிடைமட்டமாக நீட்டிப் பிடித்து, அதன் நுனியில் ஆறரைக் கிலோ அரிசியைக் கட்டித் தொங்கவிட்டால் மணிக்கட்டு என்ன பாடுபடுமோ, அந்தப் பாடு. இறந்தவர்களின் கைகளை வைத்துச் சோதித்தபோது இந்த நார் சுமார் 32-லேயே அறுந்துவிட்டது. மீதிச் சுமையைச் சுற்றியுள்ள தசைகள்தான் தாங்குகின்றன. அதாவது வேகப்பந்து பிட்சர் ஒவ்வொரு பந்துக்கும் தன் நாரை அறுபடும் எல்லைக்கு இழுத்துவிட்டுத் திரும்புகிறார்.

அறுந்தால் மாற்றலாம். 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், வலது கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் கோத்துக் கட்டினார். டாமி ஜான் அதற்குப் பிறகு 164 ஆட்டங்களில் வென்றார். அறுவைசிகிச்சைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. (அந்தத் தசைநாண் உங்களுக்கு இருக்கிறதா? கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து வைத்து மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்குங்கள். நடுவில் கயிறு போல எழும்புவதுதான். சிலருக்கு இருக்காது. எனக்கு ஒரு கையில் இல்லை, இத்தனை வருடமாக ஒரு குறையும் தெரியவில்லை.)

இனி டிக்கியின் மைனர் லீக் வாழ்க்கை. பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கின் அணி ஒவ்வொன்றுக்கும் கீழே படிப்படியாக நான்கைந்து அணிகள் உண்டு. ஆட்டக்காரர்கள் அங்கே பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், சிறு நகர மைதானங்களில் ஆடி, மேலிருந்து அழைப்பு வருமா என்று காத்திருப்பார்கள். சம்பளம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். உச்சப் படியான டிரிபிள்-ஏ-யில் 2022-ல்கூட வருடக் குறைந்தபட்சம் 17,500 டாலர்தான். தொழிற்சங்கம் அமைத்துப் பேசிய பிறகு 2023-ல் 35,800 ஆனது. 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றமே இவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டாம் என்று சட்டம் போட்டிருந்தது. 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்' என்று அதற்குப் பெயர் வேறு.

டிக்கி 2001-ல் ஒருமுறை மேலே போனார், இறங்கினார், மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். வேகம் குறைந்துகொண்டே வந்தது. 2005-ல் ரேஞ்சர்ஸ் மேலாளரும் பயிற்சியாளரும் உட்காரவைத்துச் சொன்னார்கள்: நக்கிள் பால் மட்டும் வீசுகிறாயா? நாசூக்காகச் சொல்லப்பட்ட கடைசி வாய்ப்பு அது. அடுத்த ஏப்ரலில் அந்தப் பந்தோடு மேஜர் லீக்கில் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே டெட்ராய்ட் அணி அவர் பந்தில் ஆறு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தது. மறுபடியும் கீழே.

சரி, அந்தப் பந்தில் என்னதான் இருக்கிறது? எனக்கு இந்தக் கட்டுரையே இந்த இடத்துக்காகத்தான்.

முதலில் பெயர். முட்டிக்கும் இதற்கும் இப்போது சம்பந்தமில்லை. ஆரம்பகால பிட்சர்கள் முட்டியை வைத்துப் பிடித்ததால் வந்த பெயர் அப்படியே தங்கிவிட்டது. ஆள்காட்டி விரல், நடுவிரல் நகங்களைப் பந்தின் தோலில் ஊன்றி, மணிக்கட்டை விறைப்பாக வைத்துத் தள்ளுவார்கள். சாதாரண வேகப்பந்து நிமிடத்துக்கு 2,300 சுற்று என்ற கணக்கில் சுழலும். நக்கிள் பால் கையிலிருந்து பேட்டருக்குப் போய்ச் சேரும் அரை நொடியில் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். சில சமயம் அதுகூட இல்லை.

சுழலும் பந்து வளைவதைப் பள்ளியிலேயே மேக்னஸ் விளைவு என்று படித்திருப்போம். சுழற்சி எந்தப் பக்கமோ வளைவும் அதற்கேற்ப. சுழற்சி இல்லாவிட்டால் வளைவும் இல்லாமல் நேராகத்தானே போகவேண்டும்?

போகாது. காரணம் பந்தின் மேல் ஓடும் தையல்.

ஆற்றில் பாலத்தூணைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் தூணை முன்பக்கம் தழுவிக்கொண்டு வரும். ஓர் இடத்தில் ஒட்ட முடியாமல் பிரிந்து, பின்னால் குழம்பிய நீரை இழுத்துக்கொண்டு போகும். பந்தைச் சுற்றிக் காற்றும் அப்படித்தான். பந்தின் மேற்பரப்பை ஒட்டி எல்லைப்படலம் என்ற மெல்லிய காற்றுப்படலம் ஓடுகிறது. இது அமைதியாக வழுக்கிக்கொண்டு போனால் சீக்கிரமே களைத்துப் பிரிந்துவிடும். கலங்கிக் கொந்தளித்துப் போனால் வெளியே இருக்கும் வேகமான காற்றிலிருந்து சக்தியை அள்ளிக்கொள்ளும். அதனால் இன்னும் கொஞ்ச தூரம் பந்தோடு ஒட்டிக்கொண்டு போகும். கோல்ஃப் பந்தில் குழி குழியாக இருப்பதும் இந்தக் கொந்தளிப்புக்காகவே.

பேஸ்பாலில் அந்தக் கொந்தளிப்பை உண்டாக்குவது தையல், அதுவும் தையல் இருக்கிற இடத்தில் மட்டும். அங்கே படலம் நீண்ட நேரம் ஒட்டி, மறுபக்கமாகச் சரிந்து பிரிகிறது. பின்னால் வரும் காற்றின் வால் மறுபக்கம் சாய்ந்தால், எதிர்வினையாகப் பந்து இந்தப் பக்கம் தள்ளப்படும். துடுப்பை வலப்பக்கம் தள்ளினால் பரிசல் இடப்பக்கம் போவதுபோல.

ஆனால் தையல் எப்போதும் இப்படி நடந்துகொள்வதில்லை. பந்தின் முன்பக்கம் இருந்தால் படலத்தைக் கலக்கி ஒட்டவைக்கும். அதுவே பந்தின் இடுப்புப் பக்கம், படலம் பிரியப்போகிற இடத்துக்கு அருகில் இருந்தால் வரப்பில் கால் தடுக்கினாற்போல் படலத்தை அங்கேயே பிய்த்துவிடும். அப்போது விசை எதிர்ப்பக்கம்! ஒரே தையல், சில சென்டிமீட்டர் நகர்ந்ததும் கட்சி மாறிவிடுகிறது. 1975-ல் துலேன் பல்கலைக்கழகத்தில் வாட்ஸ், சாயர் என்ற இருவர் பந்தைக் காற்றுச்சுரங்கத்தில் பொருத்தி மெல்லத் திருப்பித் திருப்பி விசையை அளந்தார்கள். பந்து திரும்பத் திரும்ப விசை இடம், வலம் என்று மாறிக்கொண்டே இருந்தது. தையல் சரியாகப் பிரியும் இடத்திலேயே நின்றபோது காற்றுக்கே முடிவெடுக்க முடியவில்லை. தையலுக்கு முன்னால் பிரிவதா, பின்னால் பிரிவதா என்று தத்தளித்தது.

வேகமாகச் சுழலும் பந்தில் இந்தத் தள்ளல்கள் நொடிக்குப் பலமுறை மாறி ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துக்கொண்டுவிடும். சுழலவே சுழலாத பந்து ஒரே பக்கம் ஒதுங்கும். நடுவில், அந்த ஒற்றைச் சுற்றில்தான் விளையாட்டு. கையை விட்டுப் போகும்போது தையல் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை எவராலும் அவ்வளவு துல்லியமாக வைக்க முடியாது. பந்து எங்கே போகும் என்று பேட்டருக்கும் தெரியாது, அவருக்குப் பின்னாலிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கும் தெரியாது, வீசியவருக்கும் தெரியாது. 1960-ல் பால்டிமோர் மேலாளர் பால் ரிச்சர்ட்ஸ், ஹாய்ட் வில்ஹெல்ம் வீசும் நக்கிள் பாலைப் பிடிக்கவென்றே முறம் மாதிரி ஒரு கையுறை செய்துகொடுத்தார். பிற்பாடு விதியைத் திருத்தி அதன் அளவுக்கு வரம்பு வைக்கவேண்டி வந்தது.

நம் ஊர்த் திடல்களில் வாலிபால் ஆடுபவர்களுக்கு இது புதிதில்லை. சுழற்சி கொடுக்காமல் உள்ளங்கையால் தட்டிவிடும் சர்வீஸ் வலைக்கு அந்தப் பக்கம் போனதும் அலைபாயுமே, அதற்கும் காரணம் இதே எல்லைப்படலத்தின் தடுமாற்றம்தான்.

இன்னொரு வேடிக்கை. நக்கிள் பால் பட்டாம்பூச்சி போல் வளைந்து வளைந்து வரும் என்று பேட்டர்கள் சத்தியம் செய்வார்கள். இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் நேதன், மைதானக் கேமராக்கள் பதிந்த டிக்கி, இன்னொரு நக்கிள் பால்காரரான டிம் வேக்ஃபீல்ட் இருவரின் பந்துகளை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார். அந்தக் கேமராக்களின் துல்லியத்துக்கு எட்டியவரை, நக்கிள் பாலின் பாதை மற்றப் பந்துகளைப் போலவே வழவழப்பான ஒற்றை வளைவு! யோசித்தால் நியாயம்தான். விசை சட்டென்று பக்கம் மாறலாம். ஆனால் அது பந்தின் வேகத்தை மாற்ற நேரம் வேண்டும், வேகம் மாறி இடம் மாற இன்னும் நேரம் வேண்டும். இருப்பதே அரை நொடி. புதிர் வளைவின் திசையில்தான் இருக்கிறது: ஒரு பந்து இடம், அடுத்தது கீழ், அதற்கடுத்தது வலம், எந்த ஒழுங்கும் இல்லை. பேட்டரின் மூளை பழகிய பாதையை முன்கூட்டியே வரைந்துவைக்கிறது. பந்து அதைவிட்டு விலகும்போது, அது திடீரென்று குதித்ததாகத் தோன்றுகிறது. பேஸ்பால் மட்டை ஏழு சென்டிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. பந்து ஒரு சாண் விலகினால் போதும்.

"பந்து எப்படி வளைகிறது என்று ஆராயவா பணம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். விமான இறக்கையில் எரிபொருளைத் தின்பதும் இதே எல்லைப்படலம்தான். கிரிக்கெட் பந்தின் ஸ்விங்கை விளக்கிய ரவீந்திர மேத்தா நாசாவில் காற்றியக்கம் பார்த்தவர். நம் பொறியியல் கல்லூரிகளில் காற்றுச்சுரங்கம் இருக்கிற இடத்திலாவது ஒரு டென்னிஸ் பந்தைப் பொருத்தி மாணவர்களை விளையாடவிட வேண்டும். நம் ஊரில் அதற்கு அனுமதிக் கடிதம் வாங்குவதற்குள் மாணவர் பட்டம் வாங்கிவிடுவார், அது வேறு கதை.

டிக்கிக்கு வருவோம். விரலிலிருந்து கழலும் எந்தப் பந்தும் உருண்டு சுழலத்தான் பார்க்கும், அதுதான் இயல்பு. அந்த இயல்பை ஒவ்வொரு பந்திலும் அடக்க வேண்டும். சற்றுக் கூடுதலாகச் சுழன்றாலும் அது மெதுவாக மிதந்து வரும், அடித்து நொறுக்கத் தோதான பந்து. ஆறு ஹோம் ரன் எப்படி வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அவர் நகத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்து அளவு பார்த்தார். சார்லி ஹஃப், ஃபில் நீக்ரோ, டிம் வேக்ஃபீல்ட் என்று முந்தைய நக்கிள் பால்காரர்களைத் தேடிப்போய்க் கேட்டார். எதிரணிக்காரர் என்றாலும் இந்தக் கூட்டத்தார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள், அழிந்துவரும் கைத்தொழில்காரர்களைப் போல. 2007-ல் சொந்த ஊர் நாஷ்வில்லின் டிரிபிள்-ஏ அணி, அப்புறம் சியாட்டில், மினசோட்டா. 2010-ல் பஃபலோ நகர மைனர் அணியில் ஒரு நாள் முதல் பேட்டருக்கு ஒரு ஹிட் கொடுத்தார். அடுத்து வந்த 27 பேரும் வரிசையாக அவுட். அந்த மாதிரி ஆளை நியூயார்க் மெட்ஸ் எத்தனை நாள் கீழே வைத்திருக்க முடியும்?

2012 ஜனவரியில், மும்பையில் கடத்தப்பட்ட பெண்களை மீட்கும் அமைப்பு ஒன்றுக்கு நிதி திரட்டக் கிளிமஞ்சாரோ ஏறினார். அந்த வருடமே 20 வெற்றி, 6 தோல்வி, 230 ஸ்ட்ரைக் அவுட். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 38 வயதில். அதைப் பெற்ற முதல் நக்கிள் பால்காரர் அவர். 42 வயதுவரை ஆடினார். நீக்ரோ 48 வரை, வில்ஹெல்ம் ஐம்பதைத் தொடும்வரை. முழு பலத்தோடு ஓங்கவேண்டிய அவசியமில்லாத பந்து முழங்கையைப் பிளப்பதில்லை. நாரே இல்லாத கைக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் இருக்க முடியாது.

ஆனால் டிக்கி விதிவிலக்கு. மிக்கி ஜேனிஸ் என்று இன்னொருவர். 2010-ல் 44-வது சுற்றில் எடுக்கப்பட்டு, சீக்கிரமே கழற்றிவிடப்பட்டு, மைனர் லீக்கிலும்கூடச் சேராத தனி லீக்குகளில் நக்கிள் பால் வீசிக்கொண்டிருந்தவர். பதினொரு வருடம் கழித்து, 33 வயதில், 2021 ஜூனில் பால்டிமோர் அணி அவரை மேலே அழைத்தது. எதிரே ஹூஸ்டன். நாலு இன்னிங்ஸ் முடிவதற்குள் ஏழு ரன், பேஸ்பாலில் அது ஏராளம். மேஜர் லீக்கில் அவர் ஆடிய ஆட்டம் அந்த ஒன்றுதான். அன்றைக்குத் தையல் எந்தக் கோணத்தில் கையை விட்டுப் போனதோ!