மடையோர நெல்லும் குலுக்கிப் போட்ட சீட்டும்

அம்பாசமுத்திரம் பக்கத்தில் எனக்கு இரண்டு சித்தப்பாக்கள். பெரியவர் வயல் மடையை ஒட்டி இருக்கிறது. சின்னவர் வயல் அதே வாய்க்காலில் கடைமடை. சில வருஷங்களுக்கு முன் கார் பருவத்தில், விதைக்கடையில் சொன்னார்கள் என்று பெரியவர் ஒரு புது நெல் ரகம் போட்டார். சின்னவர் எப்போதும் போல அம்பை 16. அறுப்பு முடிந்தபோது பெரியவருக்கு ஏக்கருக்கு ஐந்தாறு மூட்டை கூடுதல். டீக்கடையில் அன்றைக்கே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது: புது ரகம்தான் ஒசத்தி. அடுத்த காருக்குச் சின்னவரும் அதையே போட்டார். விளைச்சல் பழையபடிதான், விதைச் செலவு மட்டும் கூடிப்போனது. “விதைக்காரன் ஏமாத்திட்டாம்ல” என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விதைக்காரர் மேல் தப்பில்லை. முதல் வருஷம் இவர்கள் இரண்டு ரகங்களை ஒப்பிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். உள்ளபடி ஒப்பிட்டது தலைமடையையும் கடைமடையையும். தண்ணீர் முதலில் பாயும் வயல், வண்டல் முதலில் தங்கும் வயல் எது போட்டாலும் நாலு மூட்டை கூடக் கொடுத்திருக்கும். தொழிலிலும் ஆராய்ச்சியிலும் நான் பார்த்த தவறான முடிவுகளில் பாதிக்கு மேல் இந்த ஜாதிதான். புது மாஸ்டர் வந்தார், பலகாரக்கடையில் விற்பனை ஏறியது என்பார் அண்ணாச்சி. மாஸ்டர் வந்தது ஐப்பசியில், தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் என்பதை யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்தச் சிக்கலுக்கு வழி பிறந்ததும் வயக்காட்டில்தான். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1843 முதல் அங்கே ஒரே வயலில் நீள நீளத் துண்டுகளில் விதவிதமான உரம் போட்டு விளைச்சலை எழுதி வைத்துக்கொண்டே வந்தார்கள். எழுபது வருஷத்துக்கு மேலான கணக்கு குவிந்து கிடந்தது. அதைப் பார்த்துச் சொல்ல 1919ல் ரோனால்டு ஃபிஷர் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தார்கள். கணக்கு எத்தனை பெரிதானாலும் ஒரு கேள்விக்கு அதில் பதில் வராது என்பது அவருக்குப் புரிந்தது: இந்தத் துண்டில் கூடுதலாக விளைந்தது உரத்தாலா, அந்த மண்ணாலா? சோதனை தொடங்குவதற்கு முன்பே அதற்கு வழி செய்திருக்க வேண்டும். அறுப்புக்கு அப்புறம் எந்தக் கணக்கும் அதைச் சரிசெய்யாது. அவர் கண்டுபிடித்த வழி 1925லும் 1935லும் புத்தகங்களாக வந்தது.

அதை சித்தப்பா வயலில் வைத்தே சொல்கிறேன். மடையிலிருந்து வயலின் கடைசி வரை ஆறு தொகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்திகள். ஒன்றில் அம்பை 16, இன்னொன்றில் புது ரகம். முதல் தொகுதியின் இரண்டு பாத்திகளும் மடையோரம், ஒன்றாகக் குடிக்கும். ஆறாம் தொகுதியின் இரண்டும் கடைசி, ஒன்றாகக் காயும். நாம் பார்க்கப்போவது ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எது முந்தியது என்பதை மட்டும். தலைமடை, கடைமடை வித்தியாசம் அதில் தானே கழிந்துவிடும்.

சரி, ஒவ்வொரு தொகுதியிலும் எந்தப் பாத்தியில் எந்த ரகம்? இங்கேதான் ஃபிஷர் பலரைத் திடுக்கிட வைத்தார். காசு சுண்டிப் போட்டு முடிவு செய் என்றார். அனுபவப்பட்ட விஞ்ஞானி பார்த்துப் பார்த்துச் சமமாகப் பிரித்துக்கொள்ளக்கூடாதா என்று அப்போதே சண்டை போட்டார்கள். கூடாது. மனசுக்குப் பிடித்த ரகத்தைக் கை தானாக நல்ல பாத்திக்குக் கொண்டுபோகும், நமக்கே தெரியாது. அது போக, போன வருஷம் எருக்குழி இருந்த இடம், எருமை கட்டிக்கிடந்த மூலை, வரப்புக்கு அடியில் எலி வளை என்று கண்ணுக்குத் தெரியாத நூறு வித்தியாசங்கள் வயலில் உண்டு. தெரியாததை எப்படிச் சமப்படுத்துவது? காசுக்கு எருக்குழியும் தெரியாது, எந்த ரகம் உசத்தி என்றும் தெரியாது. அதனால் அது யாருக்கும் தொடர்ந்து சாதகம் செய்யாது.

எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில் குழப்பம் வந்தால் சாமி முன்னால் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சீட்டு அங்கே பதிலையே சொல்லிவிடுகிறது. ஃபிஷரின் சீட்டு எந்த நெல் எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். பதிலை நெல்தான் சொல்ல வேண்டும்.

காசு சுண்டுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இரண்டு ரகமும் ஒரே மாதிரிதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு தொகுதியில் புது ரகம் ஜெயிப்பது வெறும் தலையா பூவா சமாச்சாரம். ஆறு தொகுதியிலும் அதுவே ஜெயிக்க வேண்டுமானால் ஆறு தடவையும் தலையே விழ வேண்டும். 64ல் ஒரு வாய்ப்பு. ஆறுக்கு ஆறு ஜெயித்தால் ‘சும்மா வந்த அதிர்ஷ்டம்’ என்று ஒதுக்குவது கஷ்டம். ஐந்தோ ஆறோ ஜெயிப்பதற்கு 64ல் 7 வாய்ப்பு, அதாவது நூற்றுக்குப் பதினொன்று. அதை நம்பி மொத்த வயலையும் மாற்ற நான் யோசிப்பேன். டீக்கடைத் தீர்ப்பில் இருந்தது ஒரே ஒரு சுண்டல், அதுவும் கோணல் காசு.

அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1986ல் வெளியான அம்பை 16 அங்கே பிறந்ததுதான். ஒரு ரகம் அப்படி வெளியே வருவதற்கு முன் நிலையத்து வயலில் பல முறை, பிறகு பல ஊர்களில், பிறகு உழவர்களின் வயல்களில் என்று இப்படித்தான் தொகுதி பிரித்து, சீட்டுப் போட்டு, திரும்பத் திரும்ப விளைவித்துப் பார்ப்பார்கள். கார் பருவத்தில் ஜெயித்த ரகம் அடுத்து வரும் பிசானப் பருவத்து மழையில் சாய்ந்துவிடலாம். ஒரு வயலில் ஆறு தொகுதி போட்டாலும் அது ஒரே ஊர், ஒரே பருவம்.

அல்வாவுக்கு வருவோம். திருநெல்வேலி அல்வாவின் ருசி தாமிரபரணித் தண்ணீரில் இருக்கிறது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். நானும் சொல்வேன், வெளியூரில். ஆனால் இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ரோத்தம்ஸ்டெட்டில் ஒரு அம்மையார், கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா டீயை ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றாராம். ஃபிஷர் எட்டுக் கோப்பை வைக்கும் சோதனையை யோசித்தார். நாலில் பால் முதலில், நாலில் டீ முதலில், வரிசை குலுக்கல் முறையில். எட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். குருட்டாம்போக்கில் நாலையும் சரியாகச் சொல்ல 70ல் ஒரு வாய்ப்புதான்.

அதே போல ஒரே மாஸ்டர், ஒரே கோதுமை, ஒரே நெய். ஆற்றுத் தண்ணீரில் நாலு கிண்டல், வேறு ஊர்த் தண்ணீரில் நாலு கிண்டல். எதை முதலில் கிண்டுவது என்பதும் குலுக்கலில், ஏனென்றால் கடைசிக் கிண்டலில் மாஸ்டருக்குக் கை ஓய்ந்துவிடும். சாப்பிட்டுப் பார்ப்பவருக்கு மட்டுமல்லாமல் தட்டு கொண்டுவந்து வைப்பவருக்கும் எது எது என்று தெரியக்கூடாது, முகத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுவார். நம் ஊர்க்காரர் எட்டில் நாலையும் சரியாகப் பிரித்துவிட்டால் நானும் தைரியமாகப் பெருமை பேசுவேன்.

தண்ணீர் ஒன்றுதான் கேள்வி என்றால் இது போதும். தொழிலில் கேள்விகள் கூட்டமாக வரும். நெய் அளவு, தீயின் அளவு, கோதுமைப் பாலைப் புளிக்க வைக்கும் நேரம், சர்க்கரை என்று ஏழு விஷயங்கள், ஒவ்வொன்றிலும் கூட்டுவதா குறைப்பதா என்று இரண்டு நிலை. எல்லாச் சேர்க்கையையும் பார்க்க 128 கிண்டல் வேண்டும். கடை திவாலாகிவிடும். 1940களில் நம் நாட்டுப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் வகுத்த செங்குத்து அணிகள் என்ற ஏற்பாட்டின்படி, எட்டே கிண்டலில் ஏழின் தனித்தனி விளைவையும் கணித்துவிடலாம். ஒவ்வொரு விஷயமும் நாலு கிண்டலில் கூடுதலாக, நாலு கிண்டலில் குறைவாக வரும். எந்த இரண்டை எடுத்தாலும் எல்லாச் சேர்க்கையும் சம தடவை வரும்படி அடுக்கப்பட்டிருக்கும். பின்னாளில் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் தரத்தைக் கூட்ட இந்த அணிகளைப் பெரிதும் பயன்படுத்தினார்கள். ஒரு குறை உண்டு: நெய் கூடினால்தான் தீயைக் கூட்டுவது பலிக்கும் என்பது போன்ற கூட்டு விளைவுகள் அந்த எட்டில் தனியாகத் தெரியாது. சிக்கனத்துக்குக் கொடுக்கும் விலை அது.

மருத்துவத்தில் இதே சீட்டு ஒரு பெரிய முடிவை எடுக்க உதவியது, அதுவும் சென்னையில். 1956ல் அங்கே காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கியது. அப்போது காசநோய்க்காரரை சானடோரியத்தில் சேர்த்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று நம்பினார்கள். நம் நாட்டில் அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே மருந்துகளை ஒரு வருஷம் கொடுத்தார்கள். 1959ல் வந்த முடிவு: நெருக்கமான வீடு, குறைந்த சாப்பாடு என்று இருந்தும் வீட்டுக்காரர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். உலகம் முழுக்க வீட்டுச் சிகிச்சைக்கு வழி திறந்தது. யாரை எங்கே அனுப்புவது என்று டாக்டர்களே தேர்ந்தெடுத்திருந்தால், முற்றிய நோயாளிகள் சானடோரியத்துக்குப் போயிருப்பார்கள், ஒப்பீடு அன்றே கெட்டிருக்கும். தலைமடை கதைதான்.

கணினித் துறைக்கு இது இப்போது அன்றாட வேலை. தளத்துக்கு வருகிறவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குப் பழைய பக்கத்தையும் பாதிப் பேருக்குப் புதிய பக்கத்தையும் காட்டுகிறார்கள். 2012ல் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுதளத்தில் விளம்பரத் தலைப்பு தெரியும் விதத்தைச் சற்று மாற்றலாம் என்று ஒரு ஊழியர் யோசனை சொன்னார். மேலாளர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை, ஆறு மாதத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது. கடைசியில் ஒரு பொறியாளர் சும்மா செய்து பார்த்தார். வருமானம் 12 சதவீதம் ஏறியது. இதற்கு மறுபக்கமும் உண்டு. கூகுளிலும் பிங்கிலும் இப்படிச் சோதிக்கும் யோசனைகளில் பத்திலிருந்து இருபது சதவீதம்தான் பலன் தருகின்றனவாம். துறையில் ஊறியவர்களின் கணிப்பே இவ்வளவுதான் என்றால் டீக்கடையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சோதனையைக் கெடுக்கவும் சுலபமான வழிகள் உண்டு. தினமும் சாயங்காலம் எட்டிப் பார்த்து, புதியது முந்துகிற நாளில் ‘போதும், நிறுத்து’ என்பது ஒன்று. காசைச் சுண்டிக்கொண்டே இருந்தால் தலை முன்னால் நிற்கும் நேரம் பெரும்பாலும் ஒரு தடவையாவது வரும், அங்கே நிறுத்தினால் ஜெயித்த மாதிரிதான். அதனால் எத்தனை நாள், எத்தனை பேர் என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். இன்னொன்று, உண்மையில் எந்த விளைவும் இல்லாத இருபது விஷயங்களை அளந்து எது மின்னுகிறதோ அதை மட்டும் எடுத்துச் சொல்வது. தற்செயலாக வர இருபதில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு உள்ளதை மட்டும்தான் நம்புவேன் என்று கட்டுப்பாடு வைத்திருந்தாலும், அவற்றில் ஒன்றாவது தற்செயலாக மின்ன 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பலகாரக்கடையிலும் இது நடக்கும், பல்கலைக்கழகத்திலும் நடக்கும். இரண்டாவதில் அதற்குப் பட்டமும் கிடைக்கும்.

சீட்டே போட முடியாத முடிவுகளும் இருக்கின்றன. பாபநாசம் அணை 143 அடி, அது ஒன்றே ஒன்றுதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அது மாதிரி நேரத்தில் பாதி அணையைத் திறந்து பாதியை மூடி வைத்துப் பார்க்க யாராலும் முடியாது. அங்கே வானிலைக் கணிப்பும் பழைய வெள்ளக் கணக்கும்தான் கை கொடுக்க வேண்டும்.

போன காருக்குச் சின்னச் சித்தப்பாவை ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்தேன். வயலில் ஒரு ஓரமாக ஆறு தொகுதி, பன்னிரண்டு பாத்தி. “சீட்டு குலுக்கியா நெல்லு போடுவாவ?” என்று கேட்டுக்கொண்டே காசை அவர்தான் சுண்டினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கதிர் பழுக்கும் நேரத்தில் உடைமரக் காட்டை ஒட்டிய பாத்தியை மயில் தின்றுவிட்டது. ஒரே ஒரு பாத்தி, புது ரகம்.

“மயிலு தின்ன நெல்லுக்கும் அந்த வெள்ளைக்காரன் கணக்கு வச்சிருக்கானா?” என்றார். வைத்திருக்கிறார்கள். ஃபிஷருடன் வேலை பார்த்த ஃபிராங்க் யேட்ஸ், பாத்தி ஒன்று வீணாகிப்போனால் மீதியைக் கொண்டு எப்படிக் கணக்கிடுவது என்று 1933லேயே எழுதிவிட்டார். நம்மிடம் இரண்டே ரகம் என்பதால் அந்தத் தொகுதியையே விட்டுவிட்டு மீதி ஐந்தைப் பார்த்தோம். அம்பை 16 மூன்றில், புதியது இரண்டில். ஐந்து தடவை சுண்டினாலும் இப்படித்தான் விழும்.

வரும் காருக்கு இன்னொரு முறை போட்டுப் பார்க்கிறோம். மயில் வந்த பாத்திக்கு மட்டும் வலை வாங்கிக் கட்டிவிடலாம் என்றார். கட்டினால் பன்னிரண்டுக்கும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வலையைத்தான் ஒப்பிட்ட மாதிரி ஆகும் என்றேன். கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்பம் மயிலையும் சீட்டு குலுக்கித்தாம்ல விடணும்.”